கறுத்த சிறுகோள் ஒன்றை எப்படி அளக்கிறார்கள்?

“கறுத்த விண்கல் ஒன்று பூமியை நோக்கி வருகிறது, கறுப்பாக இருப்பதால் விஞ்ஞானிகளின் கண்ணுக்கே தெரியவில்லை” என்ற மாதிரிச் செய்திகள் வட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று குடும்பக் குழுக்களுக்குள் அது கைமாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் பயந்துபோய்க் கேட்கும்போது பெரியவர்களுக்கும் சரியான பதில் சொல்லத் தெரிவதில்லை. இந்த ஒரு வசனத்துக்குள் மூன்று பிழைகள் இருக்கின்றன. கறுப்பு என்றால் தெரியாது என்பது ஒன்று. சிறுகோள் என்றாலே பூமியை நோக்கித்தான் வரும் என்பது இரண்டாவது. கறுத்த பொருளைப் பற்றி எதுவும் அறிய முடியாது என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் பெரிய பிழை. சிறுகோளின் கருமை, அதைப் பற்றி அறிய நமக்குக் கிடைக்கும் மிக நல்ல துப்பு.

உதாரணமாக ஒரே ஒரு சிறுகோளை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் மத்தில்டே, வரிசை எண் 253. 1885 நவம்பர் 12 ஆம் திகதி வியன்னாவில் யொகான் பலிசா என்ற வானியலாளர் இதைக் கண்டுபிடித்தார். கிட்டப் போய்ப் படம் எடுக்கப்பட்ட முதலாவது கறுத்த சிறுகோள் இதுதான். அதனால் இதைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் உறுதியான அளவீடு இருக்கிறது.

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். சூரியனைச் சுற்றிவரும், கோளாக வளராத பாறைப் பொருள் சிறுகோள். அதிலிருந்து உடைந்த துண்டு வளிமண்டலத்துக்குள் வந்து எரியும்போது தெரியும் ஒளிக்கீற்று எரிநட்சத்திரம். எரிந்து முடியாமல் நிலத்தில் வந்து விழும் துண்டு விண்கல். வால்வெள்ளி வேறு; அது பனிக்கட்டி நிறைந்தது, சூரியனை நெருங்கும்போது ஆவியாகி வால் விடும்.

தார் றோட்டில் இருந்து தொடங்குவோம்

சித்திரை மாதம் நடுப்பகலில் ஏ-9 றோட்டில் வெறுங்காலோடு கால் வைக்க முடியாது. பக்கத்தில் உள்ள சுண்ணாம்பு அடித்த மதிலைத் தொட்டால் அவ்வளவு சுடாது. இரண்டின் மேலும் விழுவது ஒரே வெயில். மதில் தன்மேல் விழும் ஒளியில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. தார் அதை விழுங்கிச் சூடாகிறது.

ஒரு மேற்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் எவ்வளவு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதே தெறிதிறன். புதிதாகப் போட்ட தார் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். மத்தில்டேயின் தெறிதிறனும் ஏறத்தாழ அதே அளவுதான், நூற்றுக்கு 4 சொச்சம். மழையும் வெயிலும் பட்டு வெளிறிய பழைய தார் நூற்றுக்கு 12 அளவுக்குத் திருப்பி அனுப்பும். சந்திரனின் தெறிதிறன் அதுதான். பழைய தார் றோட்டின் நிறமுள்ள சந்திரன் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறதே, ஏன்? வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. பின்னால் இருக்கும் வானமோ முழு இருட்டு. கறுத்த சிறுகோளுக்கும் இதுவே பொருந்தும். அதன் மேலும் வெயில் விழுகிறது, நூற்றில் நாலு பங்கென்றாலும் ஒளி திரும்பி வருகிறது, அதைத் தொலைகாட்டி பிடித்துவிடும். 140 ஆண்டுகளுக்கு முன் பலிசா தன் கண்ணாலேயே தொலைகாட்டி வழியாக அதைப் பிடித்தார்.

பிரதான பட்டியில், அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சிறுகோள்கள் நிறைந்துள்ள பகுதியில், கறுத்தவைதான் பெரும்பான்மை. சிறுகோள்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு கார்பன் வகையைச் சேர்ந்தவை. மத்தில்டேயும் அந்த வகைதான்.

ஒளியை மட்டும் நம்பினால் வரும் பிழை

பூமியில் இருந்து பார்த்தால் சிறுகோள் ஒரு புள்ளி. பெரிய தொலைகாட்டியிலும் பெரும்பாலானவை புள்ளிதான். அந்தப் புள்ளி எவ்வளவு பிரகாசம் என்பதை மட்டும் வைத்து அதன் அளவைச் சொல்லப் போனால் பிழைக்கும். பெரிய கறுத்த பொருளும் சிறிய வெளிறிய பொருளும் ஒரே அளவு ஒளியை அனுப்ப முடியும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மத்தில்டேயின் குறுக்களவு 53 கிலோமீற்றர். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரை போகும் ஏ-35 றோட்டின் நீளம் ஏறக்குறைய அவ்வளவு. இப்போது தெறிதிறன் நூற்றுக்கு 4 ஆக இல்லாமல் 25 ஆக உள்ள இன்னொரு சிறுகோளை நினைத்துக்கொள்ளுங்கள். அது 6.25 மடங்கு கூடுதலாக ஒளியைத் திருப்பி அனுப்பும். அதே பிரகாசத்தைக் காட்ட அதற்கு 6.25 மடங்கு குறைந்த பரப்பளவு போதும். பரப்பளவு குறுக்களவின் வர்க்கத்தோடு மாறுவதால், 6.25 இன் வர்க்கமூலமாகிய 2.5 ஆல் 53 ஐப் பிரிக்க வேண்டும். விடை 21 கிலோமீற்றர் சொச்சம். ஒரே பிரகாசம், ஆனால் ஒன்று 53, மற்றது 21. கனவளவில் பார்த்தால் வித்தியாசம் 15 மடங்குக்கு மேல்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத் திரும்பவும் தார் றோட்டுக்குப் போக வேண்டும். விழுங்கப்பட்ட வெயில் காணாமற் போவதில்லை. சூடாகிய பொருள் அந்தச் சக்தியைச் செங்கீழ்க் கதிராக வெளிவிடும். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் தோல் சூடாக உணரும் கதிர் அது. வெளிறிய சிறுகோளில் இருந்து வெளிச்சம் அதிகம், சூட்டுக் கதிர் குறைவு. கறுத்த சிறுகோளில் வெளிச்சம் குறைவு, சூட்டுக் கதிர் அதிகம். இரண்டையும் அளந்துவிட்டால் தெரியாத கணியங்கள் இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. குறுக்களவும் தெறிதிறனும் ஒன்றாகவே கிடைத்துவிடும்.

இந்த அளவீட்டை நிலத்தில் இருந்து செய்வது கடினம். நம் வளிமண்டலத்தில் உள்ள நீராவி செங்கீழ்க் கதிரில் பெரும் பகுதியைத் தடுக்கிறது. போதாததற்குத் தொலைகாட்டியும் வளிமண்டலமும் தாமே சூட்டுக் கதிரை விடுகின்றன. அதனால்தான் 1983 இல் ஐராஸ், 2009 இன் கடைசியில் வைஸ் என்று செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். இந்த முறையில் கிடைக்கும் குறுக்களவில் வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கு கூடக் குறைய இருக்கும். வெறும் பிரகாசத்தை வைத்து ஊகிப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கறுத்த சிறுகோள் வெயிலை விழுங்குகிறது, ஒளியைக் குறைவாகவும் சூட்டை அதிகமாகவும் வெளிவிடுகிறது. ஒளியை மட்டும் அளந்தால் அதைச் சிறிதாக மதிப்பிட்டுவிடுவோம். சூட்டையும் சேர்த்து அளந்தால் உண்மையான அளவு பிடிபடும்.

எங்கே, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது?

பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம் ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர். அதை ஒரு வானியல் அலகு என்று வைத்துக்கொள்கிறார்கள். மத்தில்டே சூரியனில் இருந்து சராசரியாக 2.65 வானியல் அலகு தூரத்தில் சுற்றுகிறது.

தூரம் தெரிந்தால் காலம் தெரியும். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, சூரியனைச் சுற்றும் எந்தப் பொருளுக்கும், வானியல் அலகில் உள்ள சராசரித் தூரத்தை மும்முறை பெருக்கினால் வருவதும், ஆண்டில் உள்ள சுற்றுக்காலத்தை இருமுறை பெருக்கினால் வருவதும் சமம். 2.65 × 2.65 × 2.65 என்று பெருக்க 18.6 வரும். அதன் வர்க்கமூலம் 4.31. ஆகவே மத்தில்டேக்கு ஒரு சுற்று 4 ஆண்டும் ஏறக்குறைய நாலு மாதமும். சாதாரணதரப் பிள்ளை ஒருவர் கல்குலேற்றர் ஒன்றோடு இதைச் சரிபார்த்துவிடலாம். வேறு சிறுகோள்களின் தூரத்தைப் போட்டும் செய்து பாருங்கள்.

பாதை வட்டமல்ல, நீள்வளையம். வட்டத்தில் இருந்து அது எவ்வளவு விலகி இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் மையவகற்சி. முழு வட்டத்துக்கு அது பூச்சியம். மத்தில்டேக்கு ஏறத்தாழ 0.27. அதனால் சூரியனுக்குக் கிட்ட வரும்போது தூரம் 1.94 வானியல் அலகு, எட்டப் போகும்போது 3.35. கிட்ட வரும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 24 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். எட்டப் போனால் 14 ஆகக் குறையும். பூமியின் பாதைத் தளத்தோடு ஒப்பிட்டால் அதன் பாதை ஏறக்குறைய 6.7 பாகை சாய்ந்திருக்கிறது.

இந்த எண்களில் பயத்துக்கான பதில் இருக்கிறது. மத்தில்டே சூரியனுக்கு மிகக் கிட்ட வந்தாலும் 1.94 அலகுக்கு உள்ளே வருவதில்லை. பூமி இருப்பது 1 அலகில். இடைவெளி 14 கோடி கிலோமீற்றர் அளவு. அதைவிட நெருங்க அதன் பாதையே இடம் கொடாது. பிரதான பட்டியில் உள்ள இலட்சக்கணக்கான சிறுகோள்களின் நிலையும் பெரும்பாலும் இதுதான். பூமிப் பாதைக்குக் கிட்ட வரும் சிறுகோள்கள் தனிக் கூட்டம். அவற்றைத் தனிப்பட்டியல் போட்டுக் கவனிக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பற்றிச் செய்தி வரும்போது ஏன் முதலில் ஆபத்து ஏறி, பிறகு இறங்குகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரு சிறுகோளை முதற்சில நாட்கள் பார்க்கும்போது அதன் நீண்ட பாதையில் ஒரு சின்னத் துண்டைத்தான் பார்த்திருப்போம். அந்தத் துண்டோடு பொருந்தக்கூடிய நீள்வளையங்கள் பல. அளவீட்டில் உள்ள சிறு பிழைகூடப் பத்து ஆண்டுகள் முன்னோக்கிக் கணிக்கும்போது இலட்சக்கணக்கான கிலோமீற்றராக விரிந்துவிடும். அந்த விரிவுக்குள் பூமியும் அகப்பட்டால், மோத இத்தனை வீதம் சாத்தியம் என்று எழுதுவார்கள். அளவீடுகள் கூடக்கூட விரிவு ஒடுங்கும். பூமி இன்னும் அதற்குள்ளே நிற்கும் வரைக்கும் வீதம் ஏறும். வெளியே போனதும் சடாரென்று விழும். 2024 வைஆர்4 என்ற சிறுகோள் 2032 இல் பூமியில் மோதுவதற்கான சாத்தியம் 2025 பெப்ரவரியில் நூற்றுக்கு 3.1 வரை ஏறிச் சில நாட்களிலேயே ஏறத்தாழ இல்லை என்ற அளவுக்கு இறங்கியது இப்படித்தான். விஞ்ஞானிகள் மறைத்தார்கள், பிறகு மாற்றிச் சொன்னார்கள் என்று பகிர்ந்தவர்கள் இந்தக் கணக்கு நடக்கும் விதத்தை அறியாமல் பகிர்ந்தார்கள்.

திரைப்படங்களில் காட்டுவது போலப் பட்டி நெருக்கமானதும் இல்லை. ஒரு கிலோமீற்றருக்குப் பெரிய சிறுகோள்கள் பத்து இலட்சத்துக்கு மேல் இருந்தாலும் அவை பரந்திருக்கும் வெளி மிகப் பெரியது. இரண்டுக்கு இடையே சராசரியாக இலட்சக்கணக்கான கிலோமீற்றர் வெறுமை. முழுப் பட்டியையும் ஒன்றாகத் திரட்டினால் சந்திரனின் திணிவில் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்குதான் தேறும். விண்கலங்கள் அதைத் தாண்டிப் போகும்போது எதிலும் மோதாமல் வளைந்து நெளிந்து போக வேண்டிய தேவை வந்ததில்லை.

சுருக்கிச் சொன்னால்: மத்தில்டேயின் சராசரித் தூரம் 2.65 வானியல் அலகு, சுற்று 4.31 ஆண்டு, பூமிப் பாதைக்கும் அதற்கும் இடைவெளி மிகப் பெரியது. பாதையைத் துல்லியமாக அறிய நீண்ட நாட்கள் பார்க்க வேண்டும்.

தன்னைத்தானே சுற்ற 17 நாள்

சிறுகோள்கள் பெரும்பாலும் உருண்டையாக இருப்பதில்லை. மத்தில்டேயின் மூன்று பக்க அளவுகள் 66, 48, 46 கிலோமீற்றர். நீளப்பக்கம் நம்மை நோக்கும்போது பெரிய பரப்பு தெரியும், பிரகாசம் கூடும். முனை நோக்கும்போது குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு வரைந்தால் கிடைப்பது ஒளி வளையி. ஒரு சுழற்சியில் நீளப்பக்கம் இரண்டு தடவை நம்மை நோக்கும், அதனால் வளையியில் இரண்டு மேடுகள் வரும். இதை மறந்து, மேட்டில் இருந்து அடுத்த மேடு வரை ஒரு சுழற்சி என்று எழுதினால் விடை பாதியாகிவிடும். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் விடும் பிழை இது.

பெரும்பாலான சிறுகோள்களின் சுழற்சி சில மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஓரிரு இரவு போதும். மத்தில்டேக்கு ஒரு சுழற்சி 17.4 நாள், அதாவது ஏறத்தாழ 418 மணி. ஓர் இரவில் எட்டு மணி நேரம் பார்த்தாலும் சுழற்சியில் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் பார்த்திருப்போம். பிரகாசம் மாறாதது போலவே இருக்கும். பல வாரம் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் பூமிக்கும் அதற்கும் இடைப்பட்ட தூரமும் மாறிவிடும், அதனால் வரும் பிரகாச மாற்றத்தைக் கணித்துக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் தூரம் மாறியதைச் சுழற்சி என்று எண்ணிவிடுவோம்.

25 நிமிடத்தில் கிடைத்த திணிவு

1997 யூன் 27 ஆம் திகதி நாசாவின் நியர் விண்கலம் ஈரோஸ் என்ற வேறு சிறுகோளுக்குப் போகும் வழியில் மத்தில்டேயை 1,212 கிலோமீற்றர் தூரத்தில் கடந்தது. வேகம் செக்கனுக்கு 10 கிலோமீற்றர் அளவு. கலம் அப்போது சூரியனில் இருந்து ஏறத்தாழ 2 வானியல் அலகு தூரத்தில் நின்றதால் அதன் சூரியப் பலகைகளுக்கு வெயில் போதவில்லை. கருவிகளில் கமராவை மட்டும் இயக்கினார்கள். 25 நிமிடத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் வந்தன. மத்தில்டே அவ்வளவு மெதுவாகச் சுழல்வதால் அந்த நேரத்தில் மறுபக்கம் திரும்பி வரவில்லை. மேற்பரப்பில் ஏறத்தாழ 60 வீதம்தான் படமானது.

படத்தில் இருந்து வடிவமும் கனவளவும் கிடைத்தன, ஏறத்தாழ 78 ஆயிரம் கன கிலோமீற்றர். திணிவை அறிந்தது கமராவால் அல்ல, கலத்தின் வானொலியால். மத்தில்டேயின் ஈர்ப்பு கடந்துபோன கலத்தை மிக மெல்லத் தன் பக்கம் இழுத்தது. அந்த இழுப்பால் கலத்தின் வேகத்தில் வந்த மாற்றம் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான். நகரும் பொருளில் இருந்து வரும் அலையின் அதிர்வெண் அதன் வேகத்துக்கு ஏற்ப மாறுவதே டொப்ளர் விளைவு. கலம் அனுப்பிய வானொலி அலையில் தெரிந்த அந்த நுண்ணிய மாற்றத்தைப் பல நாட்கள் பின்தொடர்ந்து அளந்தார்கள். நொடிக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் கலத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைப் பூமியில் இருந்தே பிடித்தார்கள் என்பது வியக்க வேண்டிய விடயம்.

கிடைத்த திணிவு ஏறத்தாழ 100 இலட்சம் கோடி தொன். கேட்கப் பெரிதாக இருந்தாலும் கனவளவால் பிரித்தால் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.3 கிராம்தான் வருகிறது. தண்ணீருக்கு அது 1. மத்தில்டேயைப் போன்ற பொருளால் ஆனவை என்று கருதப்படும் கார்பன் விண்கற்களின் அடர்த்தியோ இரண்டுக்கு மேல். அப்படியானால் மத்தில்டேயின் உள்ளே பாதியளவு வெற்றிடம். திடமான ஒரே பாறையாக அது இருக்க முடியாது. பழைய மோதல்களில் உடைந்த துண்டுகள் தம் ஈர்ப்பாலேயே மீண்டும் ஒன்றாகி, இடையிடையே இடைவெளி விட்டு நிற்கும் கற்குவியல் அது. அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செக்கனுக்கு 23 மீற்றர் வேகத்தில் ஒரு கல்லை எறிந்தால் அது திரும்பி விழாது.

இந்த வெற்றிடம் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்கிறது. படமான பக்கத்தில் மட்டும் 20 கிலோமீற்றருக்கு மேல் அகலமான மோதுகைக் குழிகள் ஐந்து இருக்கின்றன. மிகப் பெரியதான கரூ 33 கிலோமீற்றர். சிறுகோளின் ஆரையே 26 கிலோமீற்றர்தான். திடப்பாறையில் இப்படி ஓர் அடி விழுந்தால் அதிர்வலை மறுபக்கம் வரை பாய்ந்து பாறையைப் பிளந்துவிடும். வெற்றிடம் நிறைந்த குவியலில் மோதலின் சக்தி அந்த இடத்திலேயே துளைகளை நசுக்குவதில் செலவாகிவிடும், அதிர்வலை தூரம் போகாது. அதனால்தான் ஒரு குழி விழுந்தபோது பக்கத்துக் குழியின் விளிம்புகூட இடிந்து விழாமல் நின்றிருக்கிறது. நிறத்தைக் கருதி இக்குழிகளுக்கு உலகத்தின் நிலக்கரி வயல்களின் பெயர்களை வைத்தார்கள். இந்தியாவின் தாமோதர் படுகையின் பெயரும் அங்கே ஒரு குழிக்கு இருக்கிறது.

இதுவரை: படத்தில் இருந்து கனவளவு, வானொலியில் இருந்து திணிவு, இரண்டிலும் இருந்து அடர்த்தி. அடர்த்தி குறைவென்றால் உள்ளே வெற்றிடம். வெற்றிடம் இருப்பதால் பெரிய அடிகளைத் தாங்கியது.

கருமை எதனால்?

கார்பன் சேர்வைகளும், நீரோடு வினைப்பட்ட களிமண் வகைக் கனியங்களும், மக்னற்றைற்று போன்ற இரும்புக் கனியங்களின் மிக நுண்ணிய துகள்களும் கலந்திருப்பதால் ஒளி உள்ளே போய் அகப்பட்டுவிடுகிறது. மத்தில்டேயில் இருந்து யாரும் மண் எடுத்து வந்ததில்லை. ஆனால் அதே அளவு கறுத்த, பூமிக்குக் கிட்ட வரும் இரண்டு சிறுகோள்களில் இருந்து எடுத்து வந்திருக்கிறார்கள். ஜப்பானின் ஹயபுசா-2 கலம் 2020 டிசம்பரில் ரியுகுவில் இருந்து 5.4 கிராம் கொண்டுவந்தது. நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் 2023 செப்டெம்பர் 24 இல் பெனுவில் இருந்து 121.6 கிராம் இறக்கியது. பெனு மண்ணில் கார்பன் மட்டுமல்லாமல், உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 உம் இருந்தன. கறுத்த சிறுகோள்களை விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு ஆசையோடு தேடிப் போகிறார்கள் என்பதற்கு இது போதும்: சூரியக் குடும்பம் தோன்றிய காலத்துப் பொருள், பெரிதாக உருகி மாறாமல், அவற்றுக்குள் இன்னும் இருக்கிறது.

பின்னேரத்துச் சூடு பாதையைத் தள்ளும்

தார் றோட்டில் அதிகச் சூடு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு இல்லை, இரண்டு மணிபோலத்தான். பொழுது பட்ட பிறகும் கொஞ்ச நேரம் சுடும். சூடு ஏறவும் இறங்கவும் நேரம் எடுக்கும். சுழலும் சிறுகோளிலும் அப்படியே. அதன் பின்னேரப் பக்கம் காலைப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கும், அதிகச் செங்கீழ்க் கதிரை விடும். கதிர் வெளியேறும்போது எதிர்த்திசையில் மிகச் சிறிய உந்துதல் உண்டு. சிறுகோள் தன் பாதையில் ஓடும் திசையிலேயே சுழன்றால் இந்த உந்துதல் அதை முன்னே தள்ளும், பாதை மெல்ல விரியும். எதிர்த்திசையில் சுழன்றால் பின்னே இழுக்கும், பாதை சுருங்கும். இதற்கு யார்க்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். எதிர்த்திசையில் சுழலும் பெனுவின் பாதை இதனால் ஆண்டுக்கு 284 மீற்றர் அளவு சூரியன் பக்கம் சுருங்குகிறது என்று அளந்திருக்கிறார்கள்.

53 கிலோமீற்றர் பெரிய மத்தில்டேயை இந்த உந்துதல் அசைக்காது. ஆனால் அப்படிப்பட்ட சிறுகோள்களில் இருந்து தெறித்த சிறு துண்டுகளைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் வெகுதூரம் நகர்த்திவிடும். நகர்ந்து 2.5 வானியல் அலகு தூரத்துக்கு வந்தால் சுற்றுக்காலம் 3.95 ஆண்டு ஆகிறது. வியாழனின் சுற்றுக்காலம் 11.86 ஆண்டு, அதாவது சரியாக மூன்று மடங்கு. துண்டு மூன்று சுற்றுப் போகும்போது வியாழன் ஒரு சுற்று முடித்து அதே இடத்தில் அதை மீண்டும் இழுக்கும். இப்படி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப விழும் இழுப்பைப் பரிவு என்கிறோம். அதனால் பாதை நீண்டு நீண்டு கடைசியில் செவ்வாயின் பாதையையும் பூமியின் பாதையையும் வெட்டத் தொடங்கும். பட்டியில் 2.5 இல் சிறுகோள்கள் ஏறத்தாழ இல்லாமலே போனது இதனால்தான். 1866 இல் டானியல் கேர்க்வூட் என்ற வானியலாளர் இந்த வெற்று இடங்களைச் சுட்டிக் காட்டினார். பூமிக்கு வரும் துண்டுகள் யாரும் குறிபார்த்து எறிந்தவை அல்ல. வெயில் சூடும் வியாழனின் இழுப்பும் சேர்ந்து மிக மெதுவாக வழி மாற்றியவை.

வன்னியில் இருந்து பார்க்கலாமா?

பார்க்கலாம். வன்னிக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிளிநொச்சி 9.4 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. சிறுகோள்கள் பெரும்பாலும் சூரியன் போகும் பாதைக்குக் கிட்டவே நகரும். நம் இடத்தில் அந்தப் பாதையின் எந்தப் பகுதியும் உச்சிக்கு வரும்போது அடிவானில் இருந்து 57 பாகைக்குக் குறையாமல் நிற்கும். ஐரோப்பாவில் கோடைகால இரவுகளில் அது அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும்.

வானப் பொருளின் பிரகாசத்தைச் சொல்லும் எண் ஒளிப்பருமன். எண் கூடினால் பொருள் மங்கல். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது 6 வரை. மத்தில்டே மிக நல்ல ஆண்டில் 11.5 அளவு, அதாவது வெறுங்கண் எல்லையை விட 150 மடங்கு மங்கல். மோசமான ஆண்டில் 14 ஐயும் தாண்டும். ஆகவே குறைந்தது ஆறு அங்குலத் தொலைகாட்டி வேண்டும். சூரியனுக்கு நேரெதிரே வந்து நன்றாகத் தெரியும் காலம் ஏறத்தாழ 16 மாதத்துக்கு ஒரு தடவை வரும். தொலைகாட்டி இல்லாதவர்கள் பிரதான பட்டியின் மிகப் பெரிய பொருளான செரசில் தொடங்குங்கள். அதுவும் நூற்றுக்கு 9 பங்கு ஒளியைத்தான் தெறிக்கும் கறுத்த பொருள். ஆனால் 940 கிலோமீற்றர் பெரிது, நல்ல காலத்தில் ஒளிப்பருமன் 7 வரை வரும். 10×50 பைனாகுலர் போதும்.

இடத்தைத் தெரிவு செய்யும்போது ஏ-9 கரையின் விளக்குகளை விட்டு விலகுங்கள். அதே நேரம் காட்டோரத்தில் யானை வரும் வழிகளையும், கண்ணிவெடி அறிவிப்புப் பலகை உள்ள காணிகளையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வீட்டு முற்றத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பதே பலருக்கு நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி முகில். தை, மாசியில் வானம் திறக்கும், ஆனால் பனி வில்லையில் படியும். கடதாசி மட்டையை ஒரு சாண் நீளக் குழாயாகச் சுருட்டி வில்லைக்கு முன்னால் மாட்டினால் பனி படிவது பிந்தும். படிந்தாலும் சாரத்தால் துடைக்காதீர்கள், பூச்சு கீறுப்படும். உள்ளே கொண்டுபோய்த் தானாகக் காய விடுங்கள். காலபோக அறுவடைக்குப் பிறகு வைக்கோல் எரிக்கும் புகை மங்கலாக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முக்காலி ஆடும், காலடியில் மண்மூட்டை கட்ட வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்டெல்லாரியம் போன்ற இலவச மென்பொருள் உதவும். ஆனால் அதில் உள்ள சிறுகோள் பாதைத் தரவுகள் பழையவையாக இருந்தால் காட்டும் இடம் பிழைக்கும். பார்ப்பதற்கு முன் தரவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இடத்தில் தெரியும் எல்லாப் புள்ளிகளையும் கடதாசியில் குறியுங்கள். எது சிறுகோள் என்று முதல் நாள் தெரியாது. அது நட்சத்திரம் போலவேதான் இருக்கும். அடுத்த இரவு அதே நேரத்தில் மீண்டும் குறியுங்கள். நேரெதிரே நிற்கும் காலத்தில் பட்டிச் சிறுகோள் ஒரு நாளில் கால் பாகை அளவு நகரும், முழு நிலவின் அகலத்தில் பாதி. நகர்ந்த புள்ளிதான் சிறுகோள். ஒன்றும் நகராவிட்டால் பெரும்பாலும் தவறான நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், அல்லது நிலவொளி மங்கலான புள்ளியை மறைத்திருக்கும். நிலவு இல்லாத இரவுகளில் திரும்பச் செய்யுங்கள். குறிப்பில் திகதியையும் நேரத்தையும் எழுதும்போது உலகப் பொது நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்; நம் கடிகார நேரத்தில் இருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும், அதிகாலையில் பார்த்திருந்தால் திகதியும் ஒரு நாள் பின்னே போகும்.